எதிரி விமானத்துக்கு என் கையெழுத்து

ஃபலாக் விமானத்துல சாப்பாடு நல்லா இருக்கும்னு சொன்னீங்களே சார், கேட்டதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க மேல கோவமில்ல. அந்தச் சாப்பாட்டை அதுல ஏத்துனதே எம்பொண்டாட்டிதான்.

அவ சமைச்சான்னு நினைச்சுக்காதீங்க. திருச்சிக்காரனுக்குப் பறக்கும்போது தயிர் சாதம் குடுங்கய்யா, ஊறுகாய் வெச்சுக் குடுங்கய்யான்னு அந்த அரபுக் கம்பெனிக்காரனை ஒத்துக்க வெச்சது அவ. அறிவிப்பைத் தமிழ்ல சொல்லுங்கன்னதும் அவதான். வயசானவங்களுக்குச் சக்கர நாற்காலி கேக்குறதுக்கு முன்னாடியே வந்து நிக்குதே, அதுவும் அவ ஏற்பாடு. செலின்னு பேரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த ஏர்போர்ட்டுல செலின் மேடம்னா தெரியாதவங்க கிடையாது. அருள்ராயன்னு கேட்டுப் பாருங்க, யாருக்கும் தெரியாது. நாந்தான் அருள்ராயன். அவ வீட்டுக்காரர்.

நான் மயூரா ஏர்வேஸ்ல இன்ஜினியர். இருந்தேன். இப்பத்தான் மயூராவே இல்லையே. விமானம் இறங்குனா சுத்திப் பாத்து, பழுது இருந்தா சரி பண்ணி, இது பறக்கலாம்னு கையெழுத்துப் போடுற ஆளு. நான் போடாம பைலட்டு எடுக்க முடியாது. அவ்வளவு பெரிய மிசினு, லட்சக்கணக்குல சம்பளம் வாங்குறவன் ஓட்டுறான், ஆனா என் பேனா அசையணும். அது ஒரு கெத்துதான் சார், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

செலினும் மயூராவுலதான் இருந்தா. டிக்கெட் கவுண்டர்ல. அப்பல்லாம் ரெண்டு பேரும் ஒரே ஸ்கூட்டர்ல கே.கே. நகர்லேருந்து கிளம்பி வருவோம். எங்களுக்குப் பிள்ளை இல்ல. அதனால வீட்டுலயும் கம்பெனிப் பேச்சுதான். அவதான் பேசுவா. "என்னங்க, நம்ம விமானத்துல தண்ணிக்குக்கூடக் காசு கேக்குறோமே, சம்பாரிச்சுட்டு வர்றவன் நாலு மணி நேரம் தொண்டை காஞ்சு உக்காந்திருக்கான், பாவமா இல்ல?" அப்படிம்பா. "கவுண்டர்ல தமிழ் தெரிஞ்ச ஆளா போடச் சொல்லி மேனேஜர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்"ம்பா. நான் என்ன செய்ய? இன்ஜினியர் போய் தண்ணிப் பாட்டிலைப் பத்திப் பேசுனா சிரிப்பாங்க. "உனக்கு எதுக்கு அந்தக் கவலை, ரசத்தை ஊத்து"ன்னு விட்டுருவேன். அவளும் விட்டுருவா. அப்படித்தான் நான் நினைச்சிட்டிருந்தேன்.

அப்பத்தான் ஃபலாக் திருச்சிக்கு வந்துச்சு.

வந்ததும் மொதல் வேலையா எங்க கவுண்டருக்கு எதுத்தாப்புல கவுண்டரைப் போட்டான். ரெண்டாவது வேலையா என் பொண்டாட்டியைக் கூப்பிட்டான். அவ எங்கிட்டக் கேட்டா. கேக்கலன்னு சொன்னா பொய்யாப் போயிரும். "போகட்டுமாங்க?"ன்னு கேட்டா. நான், "நம்ம நாட்டுக் கம்பெனி ஏற்கெனவே தள்ளாடிக்கிட்டு இருக்கு. நீ எதிரிகிட்டப் போய்ச் சேருவியா?"ன்னேன். அவ, "நம்ம நாட்டுக் கம்பெனி எம்பேச்சை ஒரு நாளாவது கேட்டிருக்காங்களா?"ன்னா. அடுத்த மாசம் பச்சை கோட்டுப் போட்டுக்கிட்டு எதுத்த கவுண்டர்ல நின்னா.

நீங்க நினைக்கலாம், எனக்குப் பொறாமைன்னு. அதான் இல்ல. என் வருத்தமே வேற. ஒரு நாட்டுக்குன்னு விமானக் கம்பெனி இருக்கணுமா வேண்டாமா? நீங்களே சொல்லுங்க. எங்க விமானம் எதுவும் எங்களுது இல்ல சார், வாடகை. வாடகை டாலர்ல போகுது, டிக்கெட்டு ரூபாயில வருது. ரூபா சரிஞ்சா வாடகை தானா ஏறிக்கும். இன்ஜின்ல கோளாறுன்னா இங்க பட்டறை கிடையாது, கடல் கடந்து அனுப்பணும், வரிசையில நிக்கணும். எங்க விமானம் ரெண்டு, இன்ஜினே இல்லாம, கண்ணைத் தோண்டுன மாதிரி சென்னையில ஓரமா நின்னுச்சு. உள்ளூர்ல பறக்க எண்ணெய் போட்டா அதுக்கு வரி மேல வரி. அவனுக்கு எண்ணெய் வீட்டுக் கொல்லையில ஊறுது. நாங்க ஒரு பைலட்டைப் பழக்கி எடுத்தா, அவன் தோள்பட்டைப் பட்டைக்குப் பளபளப்பு போறதுக்குள்ள வளைகுடாக்காரன் கொத்திட்டுப் போயிடுவான். நாங்க திருச்சியிலேருந்து மஸ்கட்டுல கொண்டுபோய் இறக்குவோம், அதோட சரி. அவன் மஸ்கட்டுல இறக்கி அங்கேருந்து லண்டனு, கனடான்னு எங்க வேணும்னாலும் மாத்தி ஏத்துறான். எப்படி சார் போட்டி போட முடியும்? இதையெல்லாம் நினைச்சாத்தான் எனக்கு வயிறு எரியும். அவ கோட்டைப் பாத்து இல்ல.

கோட்டு நல்லாத்தான் இருந்துச்சு. அதைச் சொல்லணும். ஆளே நிமிந்துட்டா.

வீட்டுக்குக் கம்பெனி கார் வர ஆரம்பிச்சுது. நான் ஸ்கூட்டர்ல போவேன், அவ கார்ல போவா. "நீங்களும் ஏறிக்கங்களேன், ஒரே எடத்துக்குத்தானே"ன்னா. எதிரிக் கம்பெனி கார்ல போய் மயூரா வாசல்ல இறங்குறதா? மழையில நனைஞ்சுக்கிட்டே போவேன். மாதா கோயில்ல பூசை முடிஞ்சு வெளிய வந்தா சனம் அவளைச் சுத்தி நிக்கும். "மேடம், மகனுக்கு ஒரு டிக்கெட்டு", "மேடம், அப்பாவுக்குச் சக்கர நாற்காலி". நான் அவ செருப்புக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருப்பேன். ஃபலாக்கோட மஸ்கட் மேனேஜர் ஒருத்தன், ஹைதம்னு பேரு, சாப்பிடுற நேரத்துல போன் பண்ணுவான். இவ சிரிச்சுப் பேசுவா. வேலை விஷயத்துல என்ன சார் சிரிப்பு? நானும் எத்தனையோ வருஷமா வேலை பாக்குறேன், சிரிக்கிற மாதிரி ஒண்ணும் நடந்ததில்ல. "அவன் எதுக்கு சாப்பாட்டு நேரத்துல கூப்பிடுறான்?"ன்னேன். "அங்க இப்ப மணி வேறங்க"ன்னா. அது எனக்குத் தெரியாதா?

இதுல இன்னொரு கூத்து கேளுங்க. மயூராவுக்குப் பணமுடை. அதனால எங்க பெரியவங்க என்ன பண்ணாங்க, ஃபலாக் விமானம் திருச்சியில இறங்குனா அதையும் நாங்களே பாத்துக்குறோம்னு ஒப்பந்தம் போட்டுட்டாங்க. ரெண்டும் ஒரே ரக விமானம். அதுக்குத் தகுதியான ஆளு இங்க நான். ஃபலாக்காரன் எனக்குப் பரீட்சை வெச்சு, அதிகாரம் குடுத்து, ஒரு முத்திரையும் குடுத்துட்டான். ஆக, எங்க சோத்துல மண்ணைப் போட வந்தவனுக்கு நானே சக்கரத்துல காத்துப் பாத்து அனுப்பி வைக்கணும். தெனமும். அவ மேல மாடியில ஆளை ஏத்துவா, நான் கீழ விமானத்துக்கடியில கெடப்பேன். எங்க விமானம் பாதி காலியாப் போகும். அது நெரம்பிப் போகும். ரெண்டுக்கும் நாந்தான் கையெழுத்து.

அந்த நாளைச் சொல்றேன். அதைச் சொல்லத்தான் ஆரம்பிச்சேன்.

மத்தியானம், நல்ல வெயில். ஃபலாக் வந்து இறங்குச்சு. சுத்திப் பாக்குறேன், வலப்பக்கச் சக்கரக் காலுல லேசா எண்ணெய்க் கசிவு. சொட்டுது. நிமிஷத்துக்கு இத்தனை சொட்டு வரைக்கும் போகலாம்னு புத்தகத்துல அளவு உண்டு. எண்ணிப் பாத்தேன். அளவுக்குள்ளதான் இருந்துச்சு. ஆனா சார், புத்தகமே எல்லாமாயிடுமா? இன்ஜினியருக்குன்னு ஒரு மனசு இருக்குல்ல? என் மனசுக்குச் சரியாப் படல. முந்தின வாரம் மயூரா விமானத்துல இதே மாதிரிக் கசிவு, கையெழுத்துப் போட்டு அனுப்புனேன். அது வேற. அது நம்ம விமானம், அதோட குணம் எனக்குத் தெரியும்.

போட முடியாதுன்னுட்டேன். கேப்டன் வந்து பாத்தாரு. "அளவுக்குள்ள இருக்கே"ன்னாரு. "இருக்கலாம். எனக்குத் திருப்தியில்ல"ன்னேன். இன்ஜினியர் அப்படிச் சொன்னா பைலட்டு மேல பேச மாட்டான். அதான் சட்டம்.

அப்புறம் செலின் எறங்கி வந்தா. பச்சை கோட்டு மேல அந்த மினுமினுக்கிற மஞ்சள் ஜாக்கெட்டு. எங்கூட நின்ன பையங்க முன்னாடி, "அருள் சார், எவ்வளவு நேரம் ஆகும்?"ன்னா.

சார். கட்டுன பொண்டாட்டி என்னைப் பாத்து சார்ங்குறா.

"சொல்ல முடியாது மேடம்"ன்னேன் நானும்.

அவ பக்கத்துல வந்தா. குரலைத் தாழ்த்திக்கிட்டா. "என்னங்க, மேல ஒருத்தர் இருக்காரு. பெரம்பலூர்ப் பக்கம். ஊருக்கு வந்து ஆறு மாசம் முடியப் போகுது. இன்னைக்கு ராத்திரிக்குள்ள அங்க போய் நுழையலன்னா விசா செத்துடும். நெசமாவே போக முடியாதா? பறக்கக் கூடாதுன்னா சொல்லிடுங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். போகலாம்னா போட்டுருங்க."

"பாதுகாப்பு விஷயத்துல பெரம்பலூரு, அரியலூருன்னு பாக்க முடியாது"ன்னேன்.

அவ என் முகத்தைப் பாத்தா. அந்தச் சொட்டைப் பாக்கல சார், என் முகத்தைத்தான் பாத்தா. அப்புறம் திரும்பி மாடிக்கு ஏறிப் போயிட்டா.

எனக்கு என்ன எதிர்பார்ப்புன்னா, மேல ரகளை நடக்கும். சனம் கத்தும். கவுண்டரை அடிப்பான், இவ அழுதுக்கிட்டு வருவா. நடக்கணும்னு ஆசைப்படல, நடக்கும்னு நினைச்சேன். கீழேருந்து காதைக் குடுத்துக்கிட்டே நிக்குறேன், ஒரு சத்தமும் காணோம். பொறுக்க முடியாம ஏறிப் போய்ப் பாத்தா, எல்லாருக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் குடுத்தாச்சு. குழந்தை வெச்சிருந்தவங்களை மொதல்ல பஸ்ஸுல ஏத்தி ஓட்டலுக்கு அனுப்பியாச்சு. ஒரு பாட்டையா இவ கையைப் புடிச்சுக்கிட்டு, "நீ என்னம்மா பண்ணுவ, மிசினு கெட்டா"ன்னு அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டிருக்காரு. அந்தப் பெரம்பலூர் ஆளைத் தேடுனேன். இல்ல. எங்க விமானம் அன்னைக்குக் காலையிலயே போயிடுச்சு. அவளே போன் மேல போன் போட்டு, சென்னையிலேருந்து ராத்திரி ஒன்பதுக்குக் கிளம்புற வேற ஒரு கம்பெனி விமானத்துல எடம் புடிச்சு, கார்ல ஏத்தி அனுப்பிட்டா. போட்டிக் கம்பெனி விமானத்துல! நான் கேட்டேன், "உங்க கம்பெனிக்காரன் உன்னைத் திட்ட மாட்டானா?"ன்னு. "ஹைதம் சார்தான் அனுப்பச் சொன்னாரு"ன்னா.

ஆளு போய்ச் சேந்துட்டான். விசாவும் பொழைச்சுது. இன்னைக்கும் கிறிஸ்மஸுக்கு அவளுக்கு வாழ்த்து அனுப்புறான்.

மறுநாள் மஸ்கட்லேருந்து அவங்க இன்ஜினியர் வந்து எறங்குனான். குனிஞ்சான், எண்ணுனான், போட்டான். விமானம் போயிடுச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சிரிச்சுக்கிட்டே கை குடுத்துட்டுப் போனான். அதுக்குப் பதிலா திட்டியிருக்கலாம்.

வீட்டுல அவ சண்டை போடல. சண்டை போடுவான்னு நான் பதிலெல்லாம் தயாரா வெச்சிருந்தேன். சாப்பாடு போட்டா. எதுத்தாப்புல உக்காந்தா. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்"ன்னா. "அது மயூரா விமானமா இருந்திருந்தா போட்டிருப்பீங்களா?"

"அது வேற விஷயம்"ன்னேன்.

"மயூராவும் வேண்டாம். ஃபலாக்கே, ஆனா நான் அங்க வேலை பாக்கல. போட்டிருப்பீங்களா?"

இதுக்கு என்ன சார் பதில்? நீங்க சொல்லுங்க. நடக்காததை வெச்சுக் கேக்குற கேள்விக்கு யாரு பதில் சொல்ல முடியும்? நான் தட்டைப் பாத்துச் சாப்பிட்டேன். அவ எந்திரிச்சுப் போயி கதவைச் சாத்திக்கிட்டா. அழுதாளான்னு தெரியல. கேக்கவும் இல்ல.

அப்புறம் எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா நடந்துச்சு. ஒப்பந்தம் முடியிற சமயம், ஃபலாக் புதுப்பிக்கல. அதுக்கும் என் கையெழுத்துக்கும் சம்பந்தமில்ல, ரெண்டு வேற வேற. ஆனா திருச்சியில மயூராவுக்கு ஒழுங்கா வந்துக்கிட்டிருந்த வரும்படி அது ஒண்ணுதான்னு அப்புறந்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. ஃபலாக்காரன் சொந்தமா ஒரு இன்ஜினியர் போட்டுக்குறேன்னான். அந்த எடத்துக்கு செலின் என் பேரைக் குடுத்திருந்தாளாம். அந்தப் பேச்சு கசிவுக்கு முன்னாடியே அங்க இருந்திருக்கு, அப்பவே குடுத்திருந்தாளாம். எங்கிட்டச் சொல்லல. அவ வாய்ல சொல்லாம மேனேஜர் கடுதாசி வரட்டும்னு இருந்திருக்கா, நான் அவ சிபாரிசுன்னு தட்டி விட்டுருவேன்னு. தட்டித்தான் விட்டிருப்பேன். கடைசியில அந்த வேலை கார்மேகத்துக்குப் போச்சு. மதுரைப் பையன், மயூராவுல எனக்கு ரொம்ப ஜூனியர்.

மயூரா மூடுன அன்னைக்கு நான் இருந்தேன் சார். விமானத்தோட சொந்தக்காரன் ஆளுங்க வெளிநாட்டுலேருந்து வந்துட்டாங்க, வாடகை பாக்கிக்கு வண்டியை எடுத்துட்டுப் போக. கடைசியா திருச்சியில நின்ன விமானம். மயில் படம் போட்ட வாலு. ரெண்டு வெள்ளைக்காரப் பைலட்டு, கையில வெறும் சாப்பாட்டுப் பையி. உள்ள ஒரு பயணியும் இல்ல. சுத்திப் பாத்தேன். குத்தம் ஏதாவது இருக்காதா, இன்னும் ஒரு நாள் நிறுத்தி வெக்கலாமேன்னு தேடித் தேடிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல, நாந்தானே பாத்துப் பாத்து வெச்சிருந்தேன். போட்டேன். ஓடிப் போய் ஏறிடுச்சு. மேல நிமிந்து பாக்குறேன், பக்கத்துல யாரோ நிக்குற மாதிரி இருந்துச்சு. செலின். பச்சை கோட்டு. எப்ப எறங்கி வந்தான்னு தெரியல. கையை நீட்டி என் கையைப் புடிச்சா. எனக்கு அந்த நேரத்துல என்ன தோணுச்சுன்னா, ஜெயிச்சவ வந்து ஆறுதல் சொல்றான்னுதான் தோணுச்சு. கையை உருவிக்கிட்டேன்.

அடுத்த மாசம் அவளை மஸ்கட் தலைமை ஆபீசுக்கு மாத்திட்டாங்க. எல்லா ஊரு கவுண்டர் ஆளுங்களுக்கும் அவ பாடம் எடுக்கணுமாம். "நீங்களும் வாங்க"ன்னா. "நான் எதுக்கு? உனக்குச் சமைச்சுப் போடவா?"ன்னேன். அவ பெட்டியை எடுத்துக்கிட்டா. நான் வழியனுப்ப வரல. வேலையில்லாதவன் ஏர்போர்ட்டுக்கு வந்து நின்னா பழைய பையங்க என்ன நினைப்பாங்க?

ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் இப்ப ஒரு காலேஜ்ல விமானப் பாடம் எடுக்குறேன். பையங்க எல்லாம் என்ன கேக்குறாங்க தெரியுமா? "சார், ஃபலாக்ல எப்படி சேர்றது?" நல்லா கேக்குறாங்க.

போன வாரம் ஒரு செய்தி. "டிக்கெட் போட்டிருக்கேன். வாங்க." அவ்வளவுதான். எதுக்குன்னு இல்ல. பேசணும்னும் இல்ல. முடிச்சுக்கலாம்னு சொல்லத்தான் கூப்பிடுறாளோன்னுகூட நினைச்சேன். ஊழியர் வீட்டாளுங்களுக்குக் குடுக்குற டிக்கெட்டு அது. எடம் மிஞ்சுனாத்தான் ஏத்துவாங்க. இன்னைக்கு விமானம் நெறஞ்சு போச்சு, மிஞ்சுனது ஒரே ஒரு எடம். கேட்டு நின்னது நாலு பேரு, எல்லாரும் ஊழியர் வீட்டு ஆளுங்க. அண்ணன், மாமனார், அப்படி. கவுண்டர்ப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "அருள்ராயன் சாருக்குத்தான் மொதல் உரிமை. கணவர்னு பதிவாகியிருக்கு"ன்னு சொல்லி என்கிட்டச் சீட்டைக் குடுத்துச்சு. உள்ள இருக்குறது வெளிய தெரியாத மாதிரி வாங்கிக்கிட்டேன். ஒரு வருஷமா, அந்தப் பதிவுலேருந்து என் பேரை எடுத்திருப்பாளோ, எடுத்திருப்பாளோன்னு இருந்துச்சு.

பின்னே, எடுக்காமத்தானே இருப்பா. நான் என்ன தப்பு பண்ணேன்?

அங்க போயி வேலை கேக்கப் போறேன்னு நினைச்சுக்காதீங்க. எப்படி நடத்துறானுங்கன்னு ஒரு வாரம் பாத்துட்டு வரலாம்னு. அவ்வளவுதான்.

அதோ, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பாருங்க. விமானத்துக்குக் கீழ காதுல மூடி போட்டுக்கிட்டு நிக்குறானே, அவன்தான் கார்மேகம். என் எடத்துல நிக்குறவன். அவன் கையெழுத்துலதான் நாம இன்னைக்குக் கடலைத் தாண்டணும். எப்படிப் பாக்குறான்னு அப்போலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். மூக்குச் சக்கரம் பாத்தாச்சு. இன்ஜினுக்குள்ள லைட்டு அடிச்சுப் பாத்தாச்சு. இப்ப வலப்பக்கச் சக்கரம். குனியுறான். எந்திரிச்சுட்டான். அட, திரும்பவும் குனியுறான் பாருங்க. ஒரே எடத்தை எத்தனை தடவைடா பாப்ப? ஒரு தடவையில தெரியாதா? நானா இருந்தா ஒரு தடவை பாத்தாப் போதும், இந்நேரம் போட்டுட்டு எறங்கி...

இல்ல சார்.

நானும் ரெண்டு தடவைதான் பாப்பேன்.